கறி என்றால் எது?

‘இன்னைக்கு வீட்ல கறியா?’ என்ற கேள்விக்கு மதுரைப் பக்கம் ஒரே பொருள்தான். ஆட்டிறைச்சி. ‘கறி எடுத்தாச்சா’ என்றால் கறிக்கடைக்குப் போய் வந்தாயிற்றா என்று அர்த்தம். கோழி வாங்கியவர் கோழி என்றே சொல்லிவிடுவார். ‘கறியா, மீனா’ என்று கேட்கும்போது மீனும் கறிக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதே கேள்வியைக் கும்பகோணத்தில் ஒரு பிராமணர் வீட்டு அடுக்களையில் கேட்டால் வாழைக்காய், சேனை, கொத்தவரங்காய் என்று பதில் வரும். காயைத் திருத்தி, வேகவைத்து, தாளித்து, தண்ணீர் இல்லாமல் இறக்கினால் அங்கே அது கறி. பருப்போடு குழைத்தால் கூட்டு. வைணவர் வீட்டில் கறியமுது, பேச்சில் தேய்ந்து கறமது.

பாக் நீரிணையைத் தாண்டினால் கணக்கே வேறு. யாழ்ப்பாணத்தில் ‘சோத்துக்கு என்ன கறி?’ என்பார்கள். பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி, மீனும் கறி, கணவாயும் கறி. தேங்காய்ப்பால் விட்டுக் காரமில்லாமல் வைத்தால் பால்கறி. ஆனால் கடையில் தொங்கும் பச்சை இறைச்சியைக் கறி என்பது அங்கே வழக்கமில்லை. அது இறைச்சிதான், கடையும் இறைச்சிக்கடைதான். சந்தையில் விற்கும் காய்களுக்கு மரக்கறி என்று பெயர். ஊன் உண்ணாதவர் ‘நான் மரக்கறி’ என்று சொல்லிவிட்டு உட்காருவார். தமிழ்நாட்டுக்காரர் முதன்முறை இதைக் கேட்டால் கொஞ்சம் விழிப்பார். நாகர்கோவில்காரருக்கு அந்தத் திகைப்பு இருக்காது. அவர் வீட்டிலும் மீன்கறி உண்டு, புளிக்கறி உண்டு. மலையாளக் கரையும் அதே வழக்கில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே, இறைச்சியைத் தொடாதவரும் இறைச்சி இல்லாமல் ஞாயிறு கழியாதவரும் ஒன்றுபோலச் சொல்லும் சொல் ஒன்று உண்டு: காய்கறி. தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அதையே திருப்பிப் போட்டுக் கறிகாய் என்பார்கள். ஒரே சொல் ஒரு தெருவில் மாமிசமாகவும் அடுத்த தெருவில் வாழைக்காயாகவும் இருப்பது எப்படி? உலகம் முழுக்கச் சுற்றிவந்த அந்தச் சொல்லின் முதல் பொருள் எது? இதைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் கால் பங்கு கட்டுக்கதை. கல்வெட்டையும் இலக்கியத்தையும் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவான சித்திரம் கிடைக்கிறது.

பழைய சான்றுகளிலிருந்து தொடங்கலாம். சங்க நூல்களில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு. குறுந்தொகையில் மலைச்சாரலில் படர்ந்து வளர்வது கறிக்கொடி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த சரக்குகளைச் சொல்லும்போது, வண்டியில் வந்திறங்கிய கருங்கறி மூட்டைகளையும் சேர்த்தே சொல்கிறது. அகநானூற்றின் 149ஆம் பாடலில் முசிறித் துறைக்கு யவனரின் கப்பல்கள் வருகின்றன. பொன்னை இறக்கிவிட்டு அவை ஏற்றிச்செல்வது கறியை. இது புலவரின் மிகை அல்ல என்பதற்குக் கடல் கடந்தும் சாட்சி உண்டு. எகிப்தில் செங்கடல் கரையிலிருந்த பெரெனிகே துறைமுகத்தை அகழ்ந்தபோது, கோயில் தரையில் பதித்திருந்த ஓர் இந்தியச் சாடியில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கறி என்ற சொல் வெளிநாடு போவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே கறி என்ற சரக்கு போய்விட்டது.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சமையற்குறிப்பே இருக்கிறது. அந்தணர் வீட்டுக்குப் போகும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார்: மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மோரிலிருந்து எடுத்த பசுவெண்ணெயில் வேகவைத்து, கறி கலந்து, கஞ்சகத் தளிர் சேர்த்தது, கூடவே மாவடு ஊறுகாய். இங்கே கறி மிளகுப்பொடி. கஞ்சகம் என்பது நம் கறிவேப்பிலை. ஒரே சட்டியில் கறியும் கறிவேப்பிலையும் விழுகின்றன, ஆனால் அந்த இலையின் பெயரில் கறி இல்லை. கறி என்ற சொல் மிளகிலிருந்து பதார்த்தத்துக்கு முழுதாக நகர்ந்த பிறகு சூட்டிய பெயராகத்தான் கறிவேப்பிலை இருக்க முடியும். ‘கரு’ என்ற நிறத்தை வைத்துக் கருவேப்பிலை என்று எழுதுவோரும் உண்டு. கன்னடத்துக் கரிபேவு அந்தப் பக்கம் சாய்கிறது, மலையாளம் றகரத்தோடு கறிவேப்பில என்கிறது. தமிழில் இரண்டும் புழங்குகின்றன. எப்படி எழுதினாலும், வேலை முடிந்ததும் இலை ஓரத்தில் ஒதுக்கப்படுகிறவர்களுக்கு அது உவமையாகிவிட்டது.

அப்படியானால் மிளகுதான் முதல் பொருள், மிளகிட்ட பதார்த்தம் பிறகு கறியாயிற்று என்று முடித்துவிடலாமே? பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். இதற்கு இடையூறாக நிற்பது புறநானூற்றின் 14ஆம் பாடல். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்து, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியக்கிறான். யானையை அடக்கி, வில் பிடித்து உன் கை வலிதாயிற்று; உன்னைப் பாடுகிறவர்கள் ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள், அதனால் எங்கள் கை மெல்லியது என்று கபிலர் பதில் சொல்கிறார். இங்கே கறி சோற்றோடு சேர்ந்து வருகிறது. மிளகைச் சோற்றுக்கு இணையாக யாரும் உண்ண மாட்டார்கள். ஆக, மிளகு என்ற பொருளும் சோற்றுத்துணை என்ற பொருளும் ஒரே காலத்து இலக்கியத்தில் அருகருகே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதைவிட, இரண்டும் ஒரே தாயிடமிருந்து வந்தவை என்பது பொருந்துகிறது.

அந்தத் தாய் ஒரு வினைச்சொல். கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல். இன்று பேச்சில் அது மங்கிவிட்டது. முறுக்கையும் கடலையையும் கொறிக்கிறோம், எதையும் கறிப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, கறி என்ற பெயர்ச்சொல்லைக் கறித்தலோடு இணைத்துக் காட்டி, கடித்துத் தின்னுதல், மரக்கறி, இறைச்சி, மிளகு என்று பொருள்களை அடுக்குகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இவை அனைத்தையும் ஒரே வேரின் கீழ்தான் வைத்திருக்கிறது.

அகராதிகளை விடுங்கள். நம் வாய்ப் பேச்சே இதற்குச் சான்று. பழைய சோற்றைப் பிழிந்து வைத்துவிட்டு ‘கடிச்சுக்க என்ன இருக்கு?’ என்கிறோம். வெங்காயமோ பச்சை மிளகாயோ மோர் மிளகாயோ வரும். இட்லிக்கு ‘தொட்டுக்க’ என்ன என்போம், அதிலிருந்து தொடுகறி. சோறு மென்மையானது, விழுங்க வேண்டியது. அதனோடு பல்லுக்கு வேலை கொடுக்கும் ஒன்று வேண்டும். அந்த ஒன்றுதான் கறி. கடிச்சுக்க என்று இன்று சொல்வதைப் பழந்தமிழன் கறி என்று சொன்னான். காரம் நாக்கைக் கடிக்கும் என்பதால் மிளகுக்கும் அதே வேர் இடம் கொடுக்கிறது.

இப்படிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு மாறும் பொருள்களும் புதிராகத் தெரிவதில்லை. கறி என்பது எந்தப் பண்டத்தின் பெயரும் அல்ல, சோற்றுக்குப் பக்கத்திலுள்ள இடத்தின் பெயர். அந்த இடத்தில் யார் வீட்டில் எது உட்கார்ந்ததோ அதுவே அந்த வீட்டில் கறி.

ரகரத்தையும் றகரத்தையும் குழப்பிக்கொண்டு, தீயில் கரிவது என்பதிலிருந்து கறியைப் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். நெருப்பில் சுட்ட இறைச்சி கரி, அதுவே கறி என்பது அவர்கள் வாதம். கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் கரிக்கும் கறிக்கும் வேறுபாடு எழுத்தில் மட்டுமல்ல, வேரே வேறு. சங்க காலம் முதல் தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. இந்தி பேசும் பகுதிகளின் மோர்க்குழம்பான ‘கடி’யிலிருந்தும், ‘கடாய்’ என்ற பாத்திரத்திலிருந்தும் ஆங்கிலச் சொல் வந்தது என்பாரும் உண்டு. ஐரோப்பியர் இந்தச் சொல்லைக் கற்றது மேற்குக் கடற்கரையில் என்பதை நினைவில் வைத்தால் அந்த வாதம் நிற்காது.

ரகர றகரக் குழப்பத்தால் நமக்கு நேர்ந்த நல்ல விளைவு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பஞ்சாங்கத்தில் கரிநாள் என்று சில நாட்கள் குறித்திருக்கும்; சுப காரியம் செய்யக் கூடாத நாட்கள். தை மாதத்தின் முதல் மூன்று நாளும் அதில் அடங்கும். பொங்கல், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளைப் பல ஊர்களில் கறிநாள் என்று கொண்டாடுகிறார்கள். அன்று கறிக்கடையில் கூட்டம் அலைமோதும். ஆகாத நாளை ஆட்டுக்கறி நாளாக்கிவிட்டது ஓர் எழுத்து.

கோயில் கல்வெட்டுகளுக்கு வருவோம். பாண்டியர், சோழர் காலத்து நிவந்தங்களில், சுவாமிக்கு நாள்தோறும் படைக்க வேண்டியவற்றுக்கு அளவு சொல்லும்போது அரிசிக்கு அடுத்தபடியாகக் கறியமுது வருகிறது. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரிக்கிறார்கள்: பச்சைக் காயாகச் செய்தது, புளி விட்டது, புழுக்கி வேகவைத்தது, பொரித்தது. மிளகு தனியாக, மிளகமுது என்ற பெயரில், சீரகத்தோடும் மஞ்சளோடும் சேர்த்துக் கணக்கில் ஏறுகிறது. கணக்கு எழுதுகிறவன் கறியையும் மிளகையும் வேறு வேறு வரியில் எழுதத் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு மிளகுக்குக் கறி என்ற பெயர் நிகண்டுகளில் மிரியல், கலினை, திரங்கல் ஆகியவற்றோடு வரிசையில் நின்றது. படித்தவர் வாயில் இருந்தது, கடைத்தெருவில் இல்லை.

கறி மிளகை முற்றிலும் விட்டுவிட்டது என்பதற்கு இன்னொரு தடயம் மிளகாய். போர்ச்சுக்கீசியர் அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்றைப் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது, அதன் காரத்தைப் பார்த்துத் தமிழர் மிளகு + காய் என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் முளகு என்ற பெயரையே புதியது எடுத்துக்கொண்டது; பழைய மிளகு குருமுளகு ஆயிற்று. அப்போது கறி மிளகைக் குறித்துக்கொண்டிருந்தால் பெயர் சூட்டியவர் அதையும் நினைத்திருப்பார். அவர் நினைக்கவில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே சோற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

பெரியபுராணத்தில் இரண்டு கறிகள் எதிரெதிராக இருக்கின்றன. இளையான்குடி மாறனார் வீட்டுக்கு நள்ளிரவில், மழையில், ஓர் அடியார் வருகிறார். வீட்டில் எதுவும் இல்லை. அன்று விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்து குத்தி அரிசியாக்கியாயிற்று. சோற்றுக்கு வழி பிறந்துவிட்டது. அடுத்து மனைவி கேட்பது, கறிக்கு என்ன செய்வது என்பதுதான். மாறனார் கொல்லைக் குழியில் முளைத்திருந்த முற்றாத கீரையைப் பறித்து வருகிறார். அந்த அம்மையார் அந்த ஒரே கீரையை வெவ்வேறு பக்குவத்தில் பல கறியாக்கிப் படைக்கிறார். இன்னொரு பக்கம் சிறுத்தொண்டர். பைரவ வேடத்தில் வந்தவருக்குத் தம் பிள்ளையையே சமைத்துப் படைக்கிறார். பிள்ளைக்கறி என்ற சொல்லை ஊர் மறக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒரே நூலில் கீரையும் கறி, ஊனும் கறி. சேக்கிழாருக்கு இதில் முரண் ஏதும் தெரிந்திருக்காது. இரண்டுமே சோற்றுக்குத் துணை. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியில் இருப்பதும் அதே கறிதான்.

இந்தப் பொதுச்சொல் தமிழ்நாட்டில் மாமிசமாகச் சுருங்கியதற்கு என் ஊகம் இது. சங்கத் தமிழில் இறைச்சிக்குச் சொல் பஞ்சமே இல்லை: ஊன், புலால், தசை, தடி, இறைச்சி. இவற்றில் புலால் என்பதில் நாற்றம் ஏறியது. ஊன் ஏட்டுச் சொல்லாயிற்று. வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஒன்றுக்குப் பொதுப்பெயர் வைப்பது மனித வழக்கம். சோற்றுத்துணைகளில் உயர்ந்தது, எப்போதோ கிடைப்பது, கிடைத்த அன்று வேறு எதையும் கறி என்று சொல்லத் தோன்றாதது இறைச்சி. ஈழத்தில் இறைச்சி என்ற சொல் உயிரோடு இருந்ததால் கறிக்கு அந்தச் சுமை விழவில்லை. கேரளத்திலும் அப்படியே. இங்கே காய்களைச் சமைத்தவர் அதைப் பொரியல் என்றும் வதக்கல் என்றும் சொல்லப் பழகிக்கொள்ள, கறி கறிக்கடைக்குப் போயிற்று. பிராமணர் வீட்டில் மட்டும் பழைய பொருளோடு தங்கியது. சாதிதோறும் பொருள் மாறும் சொற்கள் தமிழில் பல உண்டு. ஆனால் ஒருவர் தொடவே மாட்டாத பண்டத்துக்கும் அவர் அன்றாடம் சமைக்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர் இருப்பது அபூர்வம்.

இனி கப்பலேறலாம். கார்சியா தா ஓர்தா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர் 1563இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை நூலில் ‘கரில்’ என்ற பெயர் வருகிறது. தேங்காயைப் பற்றிச் சொல்லும்போது கோழியையும் இறைச்சியையும் வைத்துச் செய்யும் பதார்த்தமாக அதைக் குறிப்பிடுகிறார். கடைசியில் லகரம் எப்படி வந்தது? போர்ச்சுக்கீசியத்தில் ‘பாரில்’ என்ற ஒருமை பன்மையில் ‘பாரிஸ்’ ஆகும். கறியின் பன்மையைக் ‘கரிஸ்’ என்று சொன்ன மாலுமிகள், அதே வாய்பாட்டில் ஒருமையைக் ‘கரில்’ ஆக்கிவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். கன்னடத்தில் வழங்கிய வடிவத்தைச் சுட்டுவது இன்னொன்று. எப்படியானாலும், இன்றும் லிஸ்பனில் கரில்தான்.

எனக்குப் பிடித்த சாட்சி ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ். 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டு அங்கேயே கிடந்து, தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காய்களை முற்றுவதற்கு முன்பே பறித்து வேகவைத்துக் ‘கறீஸ்’ செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இது போர்ச்சுக்கீசியச் சொல் என்கிறார். அதில் அவர் தவறினார். ஆனால் அடுத்து அவர் தரும் பொருள், சோற்றோடு சேர்த்து உண்ணவும் சோற்றுக்குச் சுவை கூட்டவும் ஆனது என்பது, ஒரு தமிழ்ப் பாட்டி சொல்லியிருந்தாலும் இதைவிடச் சரியாக இருக்காது. சோறு தின்று 20 ஆண்டு வாழ்ந்தவருக்குத் தெரிந்தது, நூல் படித்துச் சமைத்தவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையில் கறி செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு உண்டு. கோழியையோ முயலையோ துண்டு போடு; மூன்று நான்கு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கு; 30 மிளகு; கொத்தமல்லி விதையைச் சுத்தமான ஒரு மண்வாரியில் வைத்து அடுப்பில் வறுத்துப் பொடி செய்; உப்பு; எல்லாவற்றையும் தண்ணீரில் மெல்ல வேகவிட்டு, கடைசியில் வெண்ணெய். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. மஞ்சள் பிந்திய பதிப்புகளில்தான் வந்து சேர்ந்தது. மிளகும் மல்லியுமாக, நம் ஊர் மிளகுக் கறிக்கு அது அவ்வளவு தூரமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: அந்தச் சட்டிக்குள் ஒரு பெரிய கரண்டி அரிசியையும் போடச் சொல்கிறார். சாறு கெட்டியாக வேண்டுமாம். சோற்றுக்காக இருந்த கறிக்குள் சோறே கூழாகக் கரைந்துபோனது. பக்கத்துணை என்ற பொருள் ஆங்கிலத்தில் செத்தது ஏறக்குறைய இந்தக் குறிப்பில்தான். அதன் பிறகு அந்த நாட்டில் கறி என்பது கெட்டியான சாறுள்ள, மசாலா மணக்கும் ஒரு பதார்த்தம்.

இந்த இடத்தில் ஒரு பொய்யைக் கழித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சுவடி ஒன்றின் தலைப்பில் ‘கியூரி’ என்ற சொல் இருப்பதை வைத்து, கறி ஆங்கிலச் சொல்தான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பொருள் சமையல். ஒலி ஒத்திருப்பதைத் தவிர உறவு எதுவும் இல்லை. யூலும் பர்னெல்லும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி தமிழையே மூலமாகக் காட்டியது. அதில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துகளை ஆராய்ந்தவர்; நூல் வெளிவருவதைப் பார்க்காமல் 1882இல் இறந்துபோனார்.

வெள்ளைக்காரர் ஊர் திரும்பியபோது பொடியாகக் கொண்டுபோன கறி ஒரு தனி உயிரானது. 1784இல் லண்டன் பத்திரிகையில் கறிப்பொடிக்கு விளம்பரம் வந்தது. பாட்னாக்காரரான ஷேக் தீன் முகமது 1810இல் லண்டனில் இந்துஸ்தானி காபிக்கடை திறந்தார். பொடி என்றதும் எந்தப் பொடி என்று கேட்க வேண்டும். கறிப்பொடி என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு பொடிகள் புழங்குகின்றன. கும்பகோணத்துக் கறிப்பொடி கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய் வறுத்து இடித்தது. வாழைக்காய் இறக்கும் நேரத்தில் மேலே தூவுவார்கள், பருப்பு மொறுமொறுவென்று நிற்கும். மதுரையின் கறி மசால் தூளில் பட்டையும் சோம்பும் மேலோங்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியே வறுபட வேண்டும். மல்லி பொன்னிறம் தாண்டி மணம் எழும்பும்போது இறக்கி, செத்தல் மிளகாயைக் கருகவிடாமல், ஆனால் கருகலின் விளிம்புவரை வறுப்பார்கள். புகை கண்ணில் ஏறித் தும்மல் தெருவரை கேட்கும். திரித்து முடித்தால் தூள் செங்கபில நிறம். சீமை டப்பாப் பொடியோ மஞ்சளும் வெந்தயமும் தூக்கலான, வறுக்காத கலவை. டப்பாவின் மேல் ‘மெட்ராஸ்’ என்றிருக்கும். பிரிட்டிஷ் உணவகங்களில் மெட்ராஸ் என்பது ஊரின் பெயரே அல்ல, காரத்தின் அளவு. விண்டாலூவுக்கு ஒரு படி கீழே.

கறிவேப்பிலையை அரைத்தால் கறிப்பொடி வரும் என்று நம்பும் வெளிநாட்டவர் இன்றும் உண்டு. அந்த மரத்தின் தாவரவியல் பெயரில் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது: லின்னேயஸின் மாணவரும் 1768இல் அங்கே மருத்துவராக வந்தவருமான யோஹான் கேர்ஹார்ட் கோனிக்கின் பெயரால் அது கோனிகீ.

சோறு இருந்த இடங்களில் கறி தன் பழைய பொருளைக் காப்பாற்றிக்கொண்டது. ரீயூனியன் தீவில் தமிழ்த் தொழிலாளர் வழிவந்தவர்கள் மட்டுமல்ல, தீவு முழுவதுமே சாப்பாடு என்றால் சோறு, பருப்பு வகை, ‘கரி’, காரத் துவையலான ருகாய் என்று நான்கைத்தான் சொல்லும். இலையை எடுத்துவிட்டுத் தட்டை வைத்தார்கள், இடங்கள் மாறவில்லை. சோறு இல்லாத இடத்தில் நிலை வேறு. 1860இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பிள்ளைகளின் ஊரில் பிறந்த ‘பன்னி சவ்’ என்பது ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறியை ஊற்றுவது. பெர்லினில் 1949இல் ஹெர்தா ஹாய்வர் வறுத்த தொத்திறைச்சி மேல் தக்காளிச் சாறும் கறிப்பொடியும் போட்டு விற்றார்; கறியில் மிச்சமிருந்தது மணம் ஒன்றுதான். ஜப்பானுக்குக் கறி போனது இங்கிலாந்து வழியாக. 1872இல் வந்த சமையல் நூல்களில் அது மேலைநாட்டு உணவாகத்தான் இடம்பெற்றது. கடற்படையின் 1908 சமையல் கையேட்டிலும் ஏறியது. இன்றும் அந்நாட்டுக் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறியும் சோறும். வங்கப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் 1927இல் தோக்கியோவின் நகமுராயா கடையில் இந்தியக் கறி என்று ஒன்றை அறிமுகம் செய்தபோது, ஜப்பானியருக்கு அது தாங்கள் அறிந்த கறிக்கு மாற்றாகத் தெரிந்தது. கிழக்கிலிருந்து கிளம்பி மேற்கைச் சுற்றிக்கொண்டு வந்த சொல்லுக்குச் சோறு மறுபடி கிடைத்தது ஜப்பானில்தான்.

இந்தியச் சமையல் முழுவதையும் கறி என்ற ஒரு சொல்லில் அடைப்பது அவமதிப்பு என்று 1973இல் சமையல் நூலாசிரியர் மதுர் ஜாஃப்ரி எழுதினார். டெல்லியில் வளர்ந்தவர், அவர் வீட்டு மொழியில் அந்தச் சொல்லே கிடையாது, கோபம் நியாயமானது. 2003இல் அவரே கறிக்குப் பெரிய நூல் ஒன்று போட்டார். பதிப்பாளருக்கும் விற்பனைக்கும் எதிரே கோபம் எவ்வளவு நாள் தாங்கும்? கறி வெள்ளைக்காரன் கட்டிய சொல், அதைத் துறந்துவிடுவோம் என்று இளையவர்கள் சிலர் இப்போது சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொருளைச் சிதைத்தது லண்டன், சொல் முசிறிக்காரனுடையது. வடஇந்தியருக்கு அது திணிக்கப்பட்ட பெயர், தமிழருக்கும் மலையாளிக்கும் வீட்டுச் சொல். இருவர் வழக்கையும் ஒரே தீர்ப்பில் முடிப்பது சரியல்ல.

இதற்கிடையில் தமிழ்நாட்டு உணவகங்களில் கறியின் இடம் சத்தமில்லாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது. மெனு அட்டையில் சிக்கன் கிரேவி, காளான் கிரேவி, முட்டை கிரேவி. ‘கிரேவியா, டிரையா?’ என்று பரிமாறுகிறவர் கேட்கிறார். ஆங்கிலத்தில் இறைச்சிச் சாற்றுக்கு இருந்த பெயர் இங்கே வந்து, நம்மிடமிருந்து ஆங்கிலம் எடுத்துப்போன சொல்லின் வேலையைப் பார்க்கிறது. மதுரையில் கறிதோசை மட்டும் இன்னும் கறிதோசைதான். கல்லில் தோசையை ஊற்றி, முட்டையை உடைத்து, அதன் மேல் சமைத்த ஆட்டுக்கறியைப் பரப்பித் திருப்பிப் போடுகிறார்கள். அதற்குக் கிரேவி தோசை என்று பெயர் மாற்ற இதுவரை எந்த மெஸ்ஸும் துணியவில்லை.